வயலெட் அக்காவின் அந்நிய பாஷை

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், தாரா கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கையையும் மேலே தூக்கினாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உலுக்கிக்கொண்டு, "ஷபரலா ரிபபலா ஷந்தலா ஷந்தலா" என்று ஒரே மூச்சில் சொன்னாள். சபையில் அந்நிய பாஷை பேசும் வயலெட் அக்காவே வந்து நின்ற மாதிரி இருந்தது. மூக்குக்கண்ணாடி சரிந்து நுனிக்கு வருவதையும், அதை அவர் ஒரு விரலால் மேலே தள்ளுவதையும்கூட அவள் விடவில்லை.

மகளின் ஆட்டத்தைப் பார்த்துச் சுந்தரவல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து பட்டினி கிடந்த வயிறு வலிக்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

"எங்கூருல கோடாங்கி உடுக்கடிச்சா, பேய் புடிச்சவ இப்படித்தான்டி ஆடுவா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆவியாவது ஒண்ணாவது! இது பேயேதான்."

தாரா இன்னொரு முறை செய்து காட்டினாள். பிறகு இருவரும் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். சொன்னது அத்தோடு மறந்துபோயிற்று.

சுந்தரவல்லி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் துரைசாமி கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்த நாளிலிருந்து அவன் குடியோடுதான் அவள் குடித்தனம் நடத்தினாள். தொண்ணூற்று நாலில் கூட வேலை செய்யும் ஒருவர் அவனைத் தமிழ் சபைக்கு அழைத்துப்போனார். தையல் கடைக்கு மேலே, மாடியில், வாடகைக்கு எடுத்த ஒரு நீளமான அறை. அங்கே போன மூன்றாம் வாரம் துரைசாமி பாட்டிலைக் கீழே வைத்தான்; பிறகு தொடவே இல்லை. யாரும் வற்புறுத்தாமலேயே சுந்தரவல்லி சுவரிலிருந்த சாமி படங்களை இறக்கிப் பரணில் வைத்துவிட்டு அவன் பின்னால் போனாள்.

ஞானஸ்நானத்துக்கு முன் பாஸ்டர் ஞானசிகாமணி அவர்களை உட்காரவைத்து உபதேசங்களைச் சொல்லிக்கொடுத்தார். மனந்திரும்பி மறுபடியும் பிறந்தால்தான் இரட்சிப்பு. தலையில் தண்ணீர் தெளித்தால் ஞானஸ்நானம் ஆகாது, முழுகி எழ வேண்டும். ஆண்டவர் எந்த நிமிஷமும் வருவார், எக்காளம் தொனிக்கும், நம்பினவர்களை மேலே எடுத்துக்கொள்வார். நம்பாதவர்களுக்கு அணையாத நெருப்பு. பரிசுத்த ஆவி ஒருவர்மேல் இறங்கியதற்கு அடையாளம், அவர் அறியாத பாஷையில் பேசுவது. பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள். அதற்குமேல் அவரவர் பாவம் அவரவர் தலையில். சுந்தரவல்லி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். துரைசாமியின் குடியை நிறுத்திய சபை சொல்வது வேறு எதிலும் தப்பாக இருக்காது என்பது அவள் எண்ணம்.

அந்த வெள்ளி கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பிரசங்கத்துக்கு எடுத்தது மன்னிப்பைப் பற்றி. அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு. மற்ற பிரசங்கிமார்போலக் கத்தமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பேசுவார்.

"கொலை செஞ்சவனுக்கு மன்னிப்பு உண்டு," என்றார். "விபசாரத்துக்கு உண்டு. ஆண்டவரையே மறுதலிச்சவனுக்கும் உண்டு. ஒரே ஒரு பாவத்துக்குத்தான் இல்ல. ஆவியானவர் கிரியை செய்யறதைக் கண்ணால பார்த்துட்டு, இது பிசாசோட வேலைன்னு ஒருத்தன் வாயால சொன்னா, அவனுக்கு இந்த உலகத்துலயும் மன்னிப்பில்ல, வரப்போற உலகத்துலயும் இல்ல."

சுந்தரவல்லிக்கு வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் யாரோ இருமினார்கள். எல்லாம் தூரத்தில் எங்கோ நடப்பதுபோல இருந்தது. இரண்டு வரிசை முன்னால் பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த தாரா மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். தாராவுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபின் இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை துரைசாமி வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால்படியிட்டாள். 'ஆண்டவரே, மன்னியும்' என்று தொடங்கும்போதே 'பேய்' என்ற அந்தச் சொல் உள்ளேயிருந்து எழும்பி வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளத் தள்ள அதுவே நாக்கில் வந்து நின்றது. அப்படியானால் உண்மையிலேயே என்னைக் கைவிட்டாயிற்றா? எழுந்துவிட்டாள். ஜெபிக்கவும் பயம், ஜெபிக்காமல் இருக்கவும் பயம். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதும்போதெல்லாம் எக்காளம்தானோ என்று குலை நடுங்கியது. ஒருமுறை சங்குச் சத்தம் கேட்டுக் கரண்டியைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். எதிர்வீட்டு வங்காளி அம்மாள் போஸ் காக்கிமா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. காக்கிமா காளி பக்தை. எக்காளம் ஊதினாலும் இங்கேதான் இருப்பார்.

"என்னடி, சோத்துல உப்பே இல்ல," என்றான் துரைசாமி. "மேலுக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்லைங்க."

அவனிடம் எப்படிச் சொல்வது? அவன் குடிக்காமல் இருப்பதே அந்தச் சபையைப் பிடித்துக்கொண்டுதான். 'என்னைக் கடவுள் தள்ளிவிட்டார்' என்று அவள் சொன்னால், அவன் பிடித்திருக்கும் கயிறு என்ன ஆகும்?

புதன்கிழமை பாஸ்டர் அவர்கள் வீட்டுக்குச் சந்திப்புக்கு வந்தார். டீயை வைத்துவிட்டு, கதவருகே நின்றபடி சுந்தரவல்லி மெல்ல ஆரம்பித்தாள்.

"பாஸ்டர், எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு. தெரியாத்தனமா ஆவியானவரைப் பத்தி என்னமோ சொல்லிப்புட்டாளாம். வெளையாட்டுக்குத்தான். அவளுக்கு..."

பாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்ன சொன்னாங்க?"

"பேய்னு."

அவர் கிளாஸையே குனிந்து பார்த்தார். "சிஸ்டர், எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வேதத்துல இருக்கறதை என்னால கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. வெளையாட்டுக்குச் சொன்னா பரவாயில்லன்னு அதுல எழுதியில்லையே." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "யாரு அந்தப் பொண்ணு?"

"ஊர்ல இருக்கா, பாஸ்டர்," என்று சொல்லிவிட்டு சுந்தரவல்லி அடுப்படிக்குள் போய்ச் சுவரோடு நின்றுகொண்டாள்.

உள் அறையில் தாரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று சாயங்காலம் புத்தகத்தின் மேலேயே தலைவைத்து அவள் தூங்கிப்போயிருந்தாள். பக்கத்தில் போனபோது "பொய்... பொய்..." என்று முனகுவது கேட்டது. பாஸ்டரிடம் தான் சொன்ன பொய்யைச் சொல்கிறாளோ என்று சுந்தரவல்லிக்குப் பகீரென்றது. அப்புறம்தான், பிள்ளை வங்காளத்தில் முனகுகிறாள், அந்த மொழியில் அதற்குப் பயம் என்று அர்த்தம் என்பது உறைத்தது. தோளைத் தொட்டதும் தாரா திடுக்கிட்டு எழுந்து, வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு நாளாகவே அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள்; சுந்தரவல்லி பல்வலி என்று நினைத்திருந்தாள்.

"எதுக்குடி வாயப் பொத்துற?"

"வேற ஏதாச்சும் வந்துடும்." விரல்களுக்கு நடுவிலிருந்து பேசினாள். "மா, நான் நரகத்துக்குப் போவேனா?"

சுந்தரவல்லி அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"நீயும் அங்க வருவல்ல? நீ கூட இருந்தா எனக்கு அவ்ளோ பயமா இருக்காது."

மறுநாள் காலையிலேயே சுந்தரவல்லி பெஹாலாவுக்கு டிராம் ஏறினாள். வயலெட் அக்காவின் காலிலாவது விழுந்து பார்ப்போம் என்றுதான் போனாள். யாரைப் பார்த்துச் சிரித்தோமோ அவர் மன்னித்து, அவரே ஜெபித்தால், கடவுள் மனம் இரங்கமாட்டாரா?

அந்த வாரம் முழுக்க நல்ல மழை. தாராவின் பள்ளிக்கூடத்திலேயே தண்ணீர் புகுந்து விடுமுறை விட்டிருந்தார்கள். பெஹாலாவில் டிராமை விட்டு இறங்கிச் சந்துக்குள் திரும்பியதும் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சாக்கடை மூடி எங்கே திறந்திருக்கிறதோ என்று காலால் துழாவித் துழாவி நடந்தாள். வயலெட் அக்காவின் வீடு தரைத்தளம். கட்டிலுக்கு நான்கு காலிலும் செங்கல் முட்டுக் கொடுத்து, அதன்மேல் அரிசி டின், தையல் மெஷின், பெட்டி எல்லாம் ஏற்றி, மிச்ச இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

வயலெட் அக்கா திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரர். கணவர் ஜெபதாசன் கஸ்டம்ஸில் கிளார்க். சபையில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஓய்வுநாள் பள்ளிக்குத் தலைவரும் ஜெபதாசன்தான்.

"இந்த வெள்ளத்துலயா வந்தீய, சிஸ்டர்? ஏறி உக்காருங்க, காலு நனையுது பாருங்க," என்று வயலெட் அக்கா டின்னை நகர்த்தினார்.

சுந்தரவல்லி ஏறவில்லை. தண்ணீரிலேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். தாரா நடித்துக் காட்டியது, தான் சிரித்தது, கோடாங்கி, அந்தச் சொல். "நீங்கதான் எங்களுக்காக ஜெபிக்கணும்க்கா. என்னைய விட்டாலும் விடுங்க. அந்தப் புள்ளைக்காகவாச்சும் கேளுங்க."

வயலெட் அக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"பேய்னா சொன்னீய?"

"ஆமாக்கா."

"இத யாருட்டயும் சொன்னீயளா?"

"இல்லக்கா. பாஸ்டர்கிட்டக்கூட யாரோ ஒரு பொண்ணுன்னுதான் சொன்னேன்."

அவர் கட்டிலிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிப் போய், திறந்திருந்த கதவை அழுத்திச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அது ஆவி இல்லட்டி," என்றார். "பேயும் இல்ல. அது நான்தான்."

சுந்தரவல்லிக்கு முதலில் விளங்கவில்லை.

"நாலு வருசமா, ஆவி எறங்கணும்னு காத்திருப்புக் கூட்டத்துக்குப் போனேன். எனக்குப் பொறவு வந்தவளுக்கெல்லாம் பாஷை கெடச்சிட்டு. எனக்குள்ள ஏதோ மறைவான பாவம் இருக்குன்னு பேச ஆரம்பிச்சிட்டாவ. ஓய்வுநாள் பள்ளி நடத்துத ஆளு பொஞ்சாதிக்கே இல்லையான்னு அவர வேற கேட்டிருக்காவ. ஒரு நாளு பாஸ்டர் தலையில கை வச்சு, நாக்க விட்டுக்குடுங்க சிஸ்டர்னாரு. அல்லேலூயாவ வேகமா சொல்லச் சொல்ல நாக்கு கொழறிட்டு. அதுக்குள்ள எல்லாரும் கையத் தட்டி அழுதாவ. எங்க வீட்டுக்காரரு அழுது நான் அன்னைக்குத்தான் பாத்தேன். பொறவு நான் எப்படி இல்லன்னு சொல்லுவேன்?"

மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"அப்போஸ்தலமாரு காலத்துல ஆவியானவருட்டப் பொய் சொன்ன புருசனும் பொஞ்சாதியும் நின்ன எடத்துலயே விழுந்து செத்தாவல்லா? ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் வீட்டப் பெருக்கி, பாத்திரத்தக் கழுவிக் கவுத்தி, அவருக்கு மறுநாளைக்கும் சேத்துக் கொழம்பு வச்சிட்டுத்தான் வாரேன். திரும்பி வந்து தொறப்பேன்னு நெனச்சு இந்த வீட்ட நான் பூட்டினதே இல்ல."

அப்படியென்றால் நான் சொன்னது ஆவியானவரை இல்லை! சுந்தரவல்லிக்குள் நான்கு நாளாக இறுகிக் கிடந்தது சட்டென்று அவிழ்ந்தது. எங்கே சிரித்துவிடுவோமோ என்று பயந்து முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அப்புறம்தான் எதிரில் இருந்தவரைப் பார்த்தாள். தன் பயம் அப்படியே இடம் மாறி அங்கே உட்கார்ந்திருந்தது. இடம் மாறவுமில்லை, தனக்கு வருவதற்கு வெகு முன்பிருந்தே அங்கே அது குடியிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொண்டாள்.

"யாருட்டயும் சொல்லிராதட்டி. அவருக்குத் தெரிஞ்சா நான் உசிரோட இருந்தும் பிரயோசனமில்ல."

"சொல்லமாட்டேன்க்கா," என்றாள்.

திரும்பும்போது டிராமில்தான் உறைத்தது. தாராவிடம் என்ன சொல்வது? பிள்ளையைக் காப்பாற்றும் ஒரே வார்த்தையை வெளியே விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அதோடு இன்னொரு எண்ணமும் ஊர்ந்து வந்தது. முதல் நாள் நாக்கு குழறியது நிஜமாகவே ஆவியானவராக இருந்து, அது அக்காவுக்கே தெரியாமல் போயிருந்தால்? அவிழ்ந்தது மறுபடி பாதி இறுகியது.

"உனக்கு ஒண்ணும் ஆகாதுடி. அம்மா விசாரிச்சுட்டேன்," என்றாள் வீட்டில்.

"யார்கிட்ட விசாரிச்ச?"

சுந்தரவல்லி நனைந்த புடவையைப் பிழியப் போனாள். தாரா சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு மறுபடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தாராவையும் அழைத்துப் போனாள். தனியே விட்டுப்போக மனம் வரவில்லை. பெண்கள் மட்டும் இருபது பேர் இருப்பார்கள். பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வயலெட் அக்கா எதிர்ப்பக்கம். பாட்டு முடிந்தது, ஸ்தோத்திரம் ஏறியது, நாலைந்து பேர் அந்நிய பாஷையில் பேசத் தொடங்கினார்கள். பாஸ்டர் கண்ணை மூடியபடி வட்டத்துக்குள் நடந்துவந்து வயலெட் அக்காவின் அருகில் நின்றார். எப்போதும் அக்காவின் குரல்தான் எல்லாக் குரலுக்கும் மேலே எழும்.

வயலெட் அக்கா எழுந்து நின்று கையைத் தூக்கினார். வாயைத் திறந்தார். அப்போது அவர் கண் தாராவின்மேல் விழுந்தது.

தாரா இப்போது இரண்டு கையாலும் வாயை அழுத்திப் பிடித்திருந்தாள். நகம் கன்னத்தில் பதிந்திருந்தது. வயலெட் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு, பின்னால் சுவர் இருப்பது தெரியாமல், உட்கார்ந்தபடியே பின்னுக்கு நகர்ந்துகொண்டிருந்தாள்.

தூக்கிய கை இறங்கியது. "பாஸ்டர்," என்றார் வயலெட் அக்கா. குரல் கம்மியிருந்தது. "எனக்கு வரல. ஒருநாளும் வந்ததில்ல. நானாத்தான் பேசினேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் நிறுத்தினார்கள். பிறகு ஒவ்வொரு குரலாக அடங்கியது. கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. யாரும் அசையவில்லை. எல்லாருமே அவர் விழுவார் என்று காத்திருந்ததுபோலத்தான் சுந்தரவல்லிக்குத் தோன்றியது. வயலெட் அக்காவும் கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டு, அதற்குத்தான் காத்திருந்தார்.

விழவில்லை.

"சிஸ்டர், உட்காருங்க," என்றார் பாஸ்டர். அவர் முகம் வெளுத்திருந்தது. "இது முன்னாடியே யாருக்காவது தெரியுமா?"

எழுந்திருக்கக் கூடாது என்றுதான் சுந்தரவல்லி நினைத்தாள். ஆனால் எழுந்து வட்டத்தைக் கடந்துபோய் வயலெட் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது ஐஸ் மாதிரி இருந்தது. "எனக்குத் தெரியும், பாஸ்டர். நேத்துதான் சொன்னாங்க. அன்னைக்கு உங்ககிட்டக் கேட்டது சொந்தக்காரப் பொண்ணுக்காக இல்ல. எனக்காகத்தான்."

பாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுவரோரத்திலிருந்து தாராவின் குரல் வந்தது.

"அப்போ எனக்கு மன்னிப்பு உண்டா?"

அவர் திரும்பினார். அந்தப் பிள்ளையின் கன்னத்திலிருந்த நகத்தடத்தை அப்போதுதான் பார்த்தார்போல. கையிலிருந்த வேதத்தை அவர் திறக்கவில்லை. போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"உண்டும்மா," என்றார். "உண்டு. நிச்சயமா உண்டு."

தாரா கையை எடுத்துவிட்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

கூட்டம் அத்தோடு முடிந்தது. எவரும் வயலெட் அக்காவோடு பேசவில்லை. மூவரும் படி இறங்கி முனைக்கு வந்தார்கள். டாக்கிலிருந்து வரும் லாரிகளும் கைவண்டிகளும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. வயலெட் அக்கா நடைபாதை விளிம்பில் நின்றுவிட்டார்.

"என்னால தாண்ட முடியாதுட்டி. மேல கூட்டத்துல விட்டுட்டு ஆண்டவரு இங்க வச்சு அடிச்சிருவாரோன்னு இருக்கு."

"எனக்கும் அப்படித்தான்க்கா இருக்கு," என்றாள் சுந்தரவல்லி. தாரா ஒரு கையையும் அவள் ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி உரசிக்கொண்டு போனது. மூவருமே அலறினார்கள். ஆனால் தாண்டிவிட்டார்கள்.

அடுத்த வாரமே ஜெபதாசனை ஓய்வுநாள் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். வயலெட் அக்காவை மூன்று மாதம் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் எடுக்கக் கூடாது என்றார்கள். ஜெபதாசன் துர்கா பூஜை விடுமுறை வரை மனைவியோடு பேசவில்லை; பிறகு ஒருநாள் தானாகவே, "கொழம்பு நல்லாருக்கு," என்றாராம். மறுவருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு விசாகப்பட்டினம் போய்விட்டார்கள். போகும்முன் வயலெட் அக்கா, இப்போதெல்லாம் வீட்டைப் பூட்டும்போது கை நடுங்குவதில்லை என்று சொன்னார். முழுக்க நம்பும்படியாக இல்லை.

துரைசாமியிடம் சுந்தரவல்லி அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே சொன்னாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். எங்கே போகிறானோ என்று அவள் வாசலிலேயே நின்றாள். தாராவுக்கு ரசகுல்லா வாங்கிக்கொண்டுதான் வந்தான்.

அவர்கள் சபையை விடவில்லை. பாஸ்டர் ஞானசிகாமணி மறுவருஷம் மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது, அந்த ஒரு பாவத்தின் இடம் வந்ததும் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். பிறகு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். ஆனால் காத்திருப்புக் கூட்டங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை அவர் சுந்தரவல்லியிடம், "நீங்களும் ஆவியானவரோட அபிஷேகத்துக்காகக் காத்திருக்கலாமே, சிஸ்டர்?" என்று கேட்டார்.

"எனக்கு வேணுங்கறதத் தமிழ்லயே கேட்டுக்கறேன், பாஸ்டர்," என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, துறைமுகக் குவார்ட்டர்ஸ் வந்து சேரும்வரை, லாரி ஹாரன் கேட்டபோதெல்லாம் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தாள்.